17 கல் வாட்ச்

தமிழில் வாட்ச் கட்டும் இடத்துக்கு மணிக்கட்டு என்று பெயர். வாட்ச் வந்த பிறகு யாரோ யோசித்து வைத்த பெயர் மாதிரியே இருக்கும். மணி பார்க்கக் கட்டுகிறோம், அதனால் மணிக்கட்டு. ஆனால் அந்தச் சொல் வாட்சைவிட ரொம்பப் பழசு. சமஸ்கிருதத்தில் அதே இடத்தை மணிபந்தம் என்பார்கள். மணிகளைக் கட்டும் இடம். அங்கே மணி என்றால் நகை. பிற்பாடு மணி அடித்து நேரம் சொல்லப்போய், மணி என்றாலே நேரம் என்றாகிவிட்டது. நகைக்கான இடம் ஒரு எழுத்துகூட மாறாமல் நேரத்துக்கான இடமாகிவிட்டது.

கைக்கடிகாரத்தின் உலக வரலாறும் கிட்டத்தட்ட இதுதான். அது நகையாகத்தான் தொடங்கியது. பெண்களின் நகையாக.

1810-இல் நெப்போலியனின் தங்கை, நேப்பிள்ஸ் ராணி கரோலின் மூரா, பாரிஸில் இருந்த ஆப்ரஹாம் லூயி ப்ரெகே என்ற கடிகாரக்காரரிடம் கையில் கட்டிக்கொள்ளும்படி ஒரு கடிகாரம் கேட்டார். முடித்துக் கொடுக்க அவருக்கு 2 வருடத்துக்கு மேல் ஆனது. தலைமுடியும் தங்க இழையும் சேர்த்துப் பின்னிய பட்டையில் அதைக் கோத்திருந்தார்கள். 1868-இல் பட்டேக் பிலிப் நிறுவனம் ஹங்கேரியச் சீமாட்டி ஒருவருக்கு வளையல் கடிகாரம் செய்தது. இரண்டுமே வைர, தங்க வேலைப்பாட்டின் கணக்கில் வருபவை. ஆம்பளைகளின் கடிகாரம் கோட்டுப் பையில், சங்கிலி நுனியில் இருந்தது. வெளியே எடுத்து, மூடியைத் திறந்து, நிதானமாகப் பார்த்து, மூடி, உள்ளே வைப்பார்கள். அப்படிச் செய்வதே ஒரு அந்தஸ்து. கையில் கடிகாரம் கட்டிய ஆணை அந்தக் கால ஐரோப்பா வளையல் போட்ட ஆணாகத்தான் பார்த்தது.

அதை மாற்றியது போர். தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் பிரிட்டிஷ் வீரர்கள் பையில் வைக்கும் கடிகாரத்தைத் தோல் உறையில் போட்டுக் கையில் கட்டிக்கொண்டார்கள். 1904-இல் ப்ரேசிலைச் சேர்ந்த விமானி சாந்தோஸ் துமோன், பறக்கும்போது இரண்டு கையும் இயந்திரத்தில் இருப்பதால் பையில் கைவிட முடியவில்லை என்று தன் நண்பர் லூயி கார்த்தியேவிடம் சொன்னார். அவருக்காகக் கார்த்தியே ஒரு கைக்கடிகாரம் செய்தார். பிறகு முதல் உலகப்போர். பின்னாலிருந்து பீரங்கிகள் குண்டு பொழியும். அந்தக் குண்டுமழை சில நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் நகரும். காலாட்படை அதன் பின்னாலேயே நடக்க வேண்டும். ஒரு நிமிடம் முந்திப் போனால் சொந்தக் குண்டிலேயே சாவு. பிந்தினால் எதிரி பதுங்குகுழியிலிருந்து தலை தூக்கியிருப்பான். எல்லா அதிகாரிகளின் முட்களும் ஒன்றாக நிற்க வேண்டும், அதைப் பார்க்கக் கை ஓய்வாக இருக்கத் தேவையில்லை என்றும் இருக்க வேண்டும். 4 வருடச் சண்டை முடிந்து வீடு திரும்பியவர்களின் கையில் வாட்ச் இருந்தது. அதற்கப்புறம் அதைப் பொம்பளைச் சாமான் என்று சொல்ல எவனுக்குத் தைரியம் வரும்?

அந்தப் போர்க்கால வாட்சுகள் இருட்டில் ஒளிர்ந்தன. முள்ளிலும் எண்களிலும் ரேடியம் கலந்த வண்ணம் பூசியிருந்தார்கள். பூசியவர்கள் அமெரிக்காவின் நியூஜெர்சி போன்ற இடங்களில் இருந்த இளம்பெண்கள். தூரிகை நுனி கூராக இருக்க வேண்டும் என்பதற்காக அதை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு எண், ஒரு நக்கு, அடுத்த எண். சில வருடங்களில் தாடை எலும்பு அரித்து விழுந்தது. வழக்குப் போட்ட 5 பெண்களுக்கு 1928-இல் சமரசத் தொகை கிடைத்தது. ஆம்பளையின் கைக்கு வாட்ச் வந்த கதையில் இந்தப் பெண்களின் வாய் வழியாகத்தான் வெளிச்சம் வருகிறது. இதை நான் வேண்டுமென்றே இங்கே எழுதுகிறேன். வாட்ச் பற்றி இணையத்தில் வாசிக்கக் கிடைக்கும் கட்டுரைகளில் சாந்தோஸ் துமோனுக்கு மூன்று பத்தி கிடைக்கும், இவர்களுக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிசு.

போன வருடம் ஒரு எச்.எம்.டி. ஜனதா வாங்கலாம் என்று எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு வாட்ச் ரிப்பேர் கடைக்குப் போனேன். தெருவில் இறங்கி நிற்கிற மாதிரி ஒரு பெட்டிக்கடை. கண்ணாடி அடுக்கு, உள்ளே ஒரு ட்யூப் லைட், ஒற்றைக் கண்ணில் லென்ஸ் மாட்டிய பாய். வெள்ளை டயல், நீல முள், கறுப்புத் தோல் ஸ்ட்ராப் போட்ட ஒரு ஜனதாவைக் காட்டிக் கேட்டேன்.

"இது ஜென்ட்ஸ் வாட்ச்சும்மா. வீட்டுக்காரருக்கா?"

"எனக்குத்தான் பாய்."

லென்ஸைக் கழற்றிவிட்டு ஒருதரம் பார்த்தார். அப்புறம் சிரித்தார். "கட்டிக்கோங்க, யாரு கேக்கப்போறா. ஆனா இது வேணாம். டயலு புதுசா பெயிண்ட் அடிச்சது. முள்ளு வேற வாட்ச்சோடது. உள்ள மெஷின் மட்டும்தான் ஒரிஜினல்." பின்மூடியைத் திறந்து காட்டினார். பித்தளை நிறத்தில் சக்கரங்கள், நடுவில் மூச்சு வாங்குவதைப் போல ஒரு வளையம் போய்ப்போய் வந்துகொண்டிருந்தது. அங்கங்கே சிவப்பாகச் சின்னப் புள்ளிகள். "எண்ணிப் பாருங்க, கல்லு. 17 இருக்கும். எல்லாம் மேல தெரியாது."

அந்தக் கல் உண்மையான மாணிக்கம் என்று நம்பிய தலைமுறை ஒன்று இருந்தது. பழைய வாட்சை உடைத்துக் கல்லை எடுத்து மோதிரத்தில் வைக்கலாமா என்று கேட்டவர்களைப் பாய் பார்த்திருக்கிறாராம். வேதியியல்படி அது மாணிக்கம்தான், ஆனால் உலையில் செய்தது. 1902-இல் ஒகுஸ்த் வெர்நேய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். அதற்கப்புறம் வாட்சுக்குள் இருக்கும் கல்லின் விலை ஒன்றுமில்லாததாகிவிட்டது. எஃகு அச்சு உலோகத்தில் உரசினால் தேயும், மாணிக்கத்தில் உரசினால் தேய்வது மிகக் குறைவு. அதற்காகத்தான் கல். நகையாகத் தொடங்கிய பொருளுக்குள் கடைசியாக மிஞ்சிய நகை, யாருக்கும் தெரியாமல் மூடிக்குள் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

பாயின் கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கோபம் ஒன்றுமில்லை, அவர் வியாபாரத்தில் பெரும்பாலும் சரியாக இருக்கும் கேள்வி அது. ஆனால் வாட்சைத் 'தேர்ந்தெடுப்பது' என்பது நம் ஊரில் எவ்வளவு புதிய காரியம் என்பதை அதற்கப்புறம்தான் தேடித்தேடி வாசித்தேன்.

நம் ஊரில் ரொம்ப காலத்துக்கு நேரம் என்பது யாரோ நமக்குச் சொல்வது. முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனுக்கு நாழிகைக் கணக்கர்கள் வந்து, நீர்க் கன்னலைப் பார்த்து, பொழுது இவ்வளவு ஆயிற்று என்று சொல்கிறார்கள். அரசனிடம்கூடக் கடிகாரம் இல்லை, கடிகாரம் பார்ப்பவர்கள் இருந்தார்கள். 24 நிமிடம் ஒரு நாழிகை, 60 நாழிகை ஒரு நாள். இந்தக் கணக்கு கோயிலிலும் ஜாதகத்திலும் இன்னமும் இருக்கிறது. வெள்ளைக்காரன் வந்ததும் சொல்பவர் மாறினார். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் வந்தது. அங்கே கணித்த மதராஸ் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால் இருந்தது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவே விழுகிற நேரம் என்பதால் இந்திய ரயில்கள் பல வருடம் மதராஸ் நேரத்தில் ஓடின. பம்பாயில் ரயிலேறுகிறவனும் மதராஸ் கணக்குப் பார்த்து வர வேண்டும். 1906 ஜனவரி 1-இல் இந்தியாவுக்குப் பொதுவாக ஐந்தரை மணி நேரக் கணக்கு வந்தது. கல்கத்தா தன் சொந்த நேரத்தை 1948 வரைக்கும், பம்பாய் 1955 வரைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. அரை மணி நேரத்துக்காக இவ்வளவு வீம்பு! மதராஸ் அப்படி எதுவும் அடம் பிடித்ததாகத் தெரியவில்லை. 9 நிமிடத்தைப் பேசாமல் கூட்டி வைத்துக்கொண்டது.

அப்போது வாட்ச் என்றால் சுவிட்சர்லாந்து, இல்லாவிட்டால் இங்கிலாந்து. மதராஸ் மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்ட் சன்ஸ் கட்டடத்து மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்து நேரம் தெரிந்துகொண்டவர்கள் ஆயிரம் பேர் என்றால், உள்ளே போய் வாட்ச் வாங்கியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். காந்தி இடுப்பு வேட்டியில் ஒரு பாக்கெட் கடிகாரத்தைத் தொங்கவிட்டிருந்தார். சட்டையையே விட்டவர் கடிகாரத்தை விடவில்லை. படத்தில் பார்த்தால் அவர் உடம்பில் இருந்த ஒரே இயந்திரம் அதுதான்.

சுதந்திரத்துக்குப் பின் இந்திய அரசு நிறைய விஷயங்களைத் தானே செய்து கொடுக்க முடிவு செய்தது. அதில் ஒன்று வாட்ச். 1953-இல் பெங்களூரில் இயந்திரங்கள் செய்யும் இயந்திரத்துக்காகத் தொடங்கிய ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து வாட்ச் செய்ய ஆரம்பித்தது. லேத்து, டிரில்லிங் மெஷின் செய்கிற கம்பெனி அரிசிமணியைவிடச் சின்ன திருகாணி செய்ய இறங்கியது என்றால் அதன் பின்னால் ஒரு நம்பிக்கை இருந்தது. நேரு காலத்து நம்பிக்கை. தொழிற்சாலையில் சங்கு ஊதும், ஷிஃப்ட் தொடங்கும், ரயில் வரும், பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும். இதற்கெல்லாம் ஓடிவருகிற மக்களுக்கு நேரம் தெரிந்தாக வேண்டும். தேசத்தின் நேரங்காப்பாளர்கள் என்று விளம்பரத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பெயர்களைப் பாருங்கள். ஜனதா, ஜவாஹர், பைலட், சோனா, கோஹினூர், காஞ்சன், தருண், அவினாஷ். பெண்களுக்கு சுஜாதா. ஒரு அரசு அலுவலகத்தின் வருகைப் பதிவேட்டை எடுத்து வாசிப்பது போலிருக்கும். தேவநாகரி எண் போட்ட டயலும் செய்தார்கள். பார்வையற்றவர்களுக்காக, மூடியைத் திறந்து முள்ளையும் புள்ளியையும் விரலால் தடவிப் பார்க்கும் பிரெய்ல் வாட்சும் செய்தார்கள். எச்.எம்.டி. செய்த அத்தனையிலும் எனக்குப் பிடித்தது அந்த பிரெய்ல் வாட்ச்தான். லாபத்துக்காக யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள்.

ஜனதா கையால் சாவி கொடுக்க வேண்டிய வாட்ச். பேட்டரி கிடையாது, தானாக ஏறிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக்கும் கிடையாது. காலையில் பக்கத்துக் குமிழை இருபது முப்பது தரம் திருக வேண்டும். கை கனமாகும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். உள்ளே சுருண்ட வில் அவிழ அவிழ, விநாடிக்கு 5 முறை துடிக்கும், அதாவது மணிக்கு 18,000. மறந்துவிட்டால் மறுநாள் எங்கேயாவது ஒரு மணியில் நின்றிருக்கும். 'சாவி கொடுப்பது' என்று தமிழில் சொல்வது எவ்வளவு பொருத்தம். சாவியே இல்லாத வாட்சுக்கும் நாம் சாவிதான் கொடுத்தோம். சுவர்க் கடிகாரத்திலிருந்து வந்த பழக்கம்.

அரசு வாட்ச் செய்தது சரி, எல்லோருக்கும் கிடைத்ததா? கிடைக்கவில்லை. 60-களிலும் 70-களிலும் வாட்ச் என்பது தட்டுப்பாட்டுப் பொருள். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. அதனால் கடத்தல். படகில் தங்கக் கட்டியோடு சுவிஸ் வாட்சும் வந்து இறங்கியது. சென்னையில் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969-இல் அமைந்த பர்மா பஜாரில் 'ஃபாரின் வாட்ச்' தேடிப் போவது ஒரு சாகசமாகவே இருந்தது. வாங்கி வந்தவர் ஒரு மாதம் அதைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டேயிருப்பார், ஓடுகிறதா என்று. எச்.எம்.டி. வேண்டுமென்றால் தெரிந்த ஆளைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். கடைக்குப் போய், 'அது வேண்டாம், இதைக் காட்டுங்க' என்று சொல்லும் நிலைமை இல்லை. கிடைத்ததைக் கட்டினார்கள்.

அப்படிக் கிடைத்த வழிகளில் முக்கியமானது மாமனார். வாட்ச், மோதிரம், சைக்கிள், ரேடியோ. அந்தக் காலத்து மாப்பிள்ளைச் சீர் பட்டியலை யாரும் எழுதி வைக்கத் தேவையில்லாமல் எல்லோருக்கும் தெரியும். கல்யாண போட்டோவில் மாப்பிள்ளை இடது கையைச் சற்று முன்னால் நீட்டி உட்கார்ந்திருப்பார். சட்டைக் கை கொஞ்சம் ஏறியிருக்கும். போட்டோகிராபரே ஏற்றிவிடுவதும் உண்டு. பொண்ணு கையில் வளையல் இருக்கும். வாட்ச் இருக்காது. பழைய ஆல்பம் இருந்தால் எடுத்துப் பாருங்கள், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும்.

எங்கள் அப்பாவின் வாட்சும் அப்படி வந்ததுதான். 1979-இல் அம்மாவைக் கட்டியபோது தாத்தா போட்டது. தாத்தாவிடம் வாட்ச் இருந்ததில்லை. வெயிலைப் பார்த்தும், தூரத்தில் போகும் பாசஞ்சர் ரயில் சத்தத்தைக் கேட்டும் வயலில் வேலை பார்த்தவர். நெல் விற்ற காசில் ஒரு வாட்ச் வாங்கி, இன்னொருத்தன் கையில் கட்டிவிட்டார். அதை எந்தக் கடையில், எவ்வளவு கொடுத்து வாங்கினார் என்று அம்மாவுக்குத் தெரியாது, அவளிடம் யாரும் கேட்கவுமில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் வாட்சைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆட்டோமேட்டிக் இல்லையா?" என்று கேட்டது. நாற்பது வருடம் கழித்தும் அந்த ஒரு வரியை அம்மா அதே ராகத்தில் சொல்லுவாள். அப்பா பிறகு அதை அண்ணன் பன்னிரண்டாவது முடித்ததும் அவனுக்குக் கொடுத்தார். அது இப்போதும் அவனிடம் இருக்கிறது. ஓடுவதில்லை.

கம்பெனிகளும் வாட்ச் கொடுத்தன. 25 வருடம் வேலை பார்த்தால் ஒரு வாட்ச், பின்மூடியில் பெயர் பொறித்து. ஓய்வு பெறுகிற நாளில் வாட்ச் கொடுக்கிற வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, நல்ல குறும்புக்காரராக இருக்க வேண்டும். இனி எத்தனை மணிக்கும் எழுந்திருக்கலாம் என்கிற ஆளின் கையில்தான் அதைக் கட்டுகிறார்கள்.

இதற்கிடையே உலகத்தில் வேறொன்று நடந்துவிட்டது. 1969 கிறிஸ்துமஸ் அன்று டோக்கியோவில் செய்க்கோ நிறுவனம் ஆஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் வாட்சை விற்பனைக்கு விட்டது. விலை 4,50,000 யென், அன்றைக்கு ஒரு கார் வாங்கும் காசு. வில் இல்லை, சாவி இல்லை. பேட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ந்தால் குவார்ட்ஸ் படிகம் சீராக அதிரும். இன்றைய வாட்சுகளில் அது விநாடிக்கு 32,768 முறை. இந்த விநோத எண்ணுக்குக் காரணம் எளிது. அதைப் பாதி, பாதி, பாதி என்று 15 தரம் வகுத்துக்கொண்டே போனால் சரியாக 1 வரும். மலிவான மின்சுற்றுக்கு வகுக்கத் தெரிந்தது இரண்டால் மட்டும்தான், அதற்குத் தோதாகப் படிகத்தை வெட்டினார்கள். சில வருடங்களில் விலை சரிந்தது. சுவிட்சர்லாந்தில் 1970 வாக்கில் சுமார் 90,000 பேர் பார்த்த வாட்ச் வேலை, 80-களின் நடுவில் ஏறத்தாழ 30,000 பேருக்குத்தான் மிஞ்சியது.

எச்.எம்.டி. குவார்ட்ஸைக் கவனிக்காமல் இல்லை, 80-களின் தொடக்கத்திலேயே செய்தது. ஆனால் அதன் மனசு சாவி வாட்சிலேயே இருந்தது. அந்த இடைவெளியில்தான் ஓசூர் வருகிறது. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் டைட்டனைத் தொடங்கின. முன்னால் நின்று நடத்தியவர் செர்க்ஸஸ் தேசாய். குவார்ட்ஸ்தான் செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். 1987-இல் கடைக்கு வந்தது. விளம்பரத்தில் மொசார்ட்டின் 25-ஆம் சிம்பொனி. அது மொசார்ட் என்று நம் ஊரில் பாதிப் பேருக்கு இன்றும் தெரியாது, 'டைட்டன் மியூசிக்' என்றால் தெரியும்.

டைட்டன் செய்த பெரிய காரியம் குவார்ட்ஸ் இல்லை என்பது என் அபிப்பிராயம். அது கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக வாட்சுகளை அடுக்கி, விலை போட்டு, ஏசி ஷோரூமில் நம்மை உட்காரவைத்து, "எது வேண்டும்?" என்று கேட்டது. அந்தக் கேள்வியை அதற்கு முன் இந்தியாவில் வாட்ச் கட்டிய பெரும்பாலானவர்கள் கேட்டதே இல்லை. சீராகவும் சன்மானமாகவும் வந்துகொண்டிருந்த பொருளை டைட்டன் பரிசாக்கியது. மாமனார் மாப்பிள்ளைக்குக் கொடுப்பது என்றிருந்த இடத்தில், மனைவி கணவனுக்கு, மகள் அப்பாவுக்கு, யாரும் யாருக்கும் என்று விளம்பரம் வந்தது.

ஓசூர் தொழிற்சாலைக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து பள்ளிக்கூடம் முடித்த பையன்களையும் பெண்களையும் எடுத்தார்கள். பதினேழு பதினெட்டு வயசு. வீட்டைவிட்டுத் தனியாகத் தங்கிப் பழக்கமில்லாதவர்கள். அவர்களுக்கு இடம் பார்த்துக் கொடுத்து, நுண்ணிய பாகத்தைச் சாமணத்தில் எடுத்து வைக்கும் வேலை சொல்லிக்கொடுத்தார்கள். நியூஜெர்சிப் பெண்களை நினைக்காமல் என்னால் இதை வாசிக்க முடியவில்லை. இரண்டும் ஒன்றல்ல. இது சம்பளமும் பி.எஃப்.பும் உள்ள நல்ல வேலை. ஊரில் கல்யாணத்தை இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போட வைத்த வேலை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் தனக்கென ஒரு வாட்சை அதுவரை கட்டியிராத பெண்களில் எத்தனை பேர் அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள் என்ற கேள்வி மட்டும் போகவில்லை.

அம்மாவுக்கு டீச்சர் வேலை கிடைத்தது 1989-இல். இரண்டாவது மாதச் சம்பளத்தில் அவள் ஒரு வாட்ச் வாங்கினாள். டைட்டன், சின்ன டயல், கறுப்பு ஸ்ட்ராப். கடையில் தங்கச் செயின் போட்டதைத்தான் காட்டினார்களாம். இவள், நம்பர் எல்லாம் போட்டிருக்கணும், 12, 3, 6, 9 மட்டும் போட்டது வேண்டாம், விநாடி முள் இருக்கணும் என்று கேட்டு வாங்கினாள். மூன்றாம் வகுப்புக்கு மணி பார்க்கச் சொல்லிக்கொடுக்க வேண்டுமே. டயல் உள்பக்கம் வரும்படிக் கட்டுவாள். நீங்களும் கவனித்திருப்பீர்கள், நம் ஊரில் டீச்சர், நர்ஸ், கண்டக்டரம்மா பலர் அப்படித்தான் கட்டுகிறார்கள். கரும்பலகையில் இடிக்காது, நாடி பிடிக்கும்போது முள் நேராகக் கண்ணில் படும். முதல் உலகப்போரிலும் சிலர் உள்பக்கமாகத்தான் கட்டினார்களாம், கண்ணாடி பளபளத்து எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "ஹெச்.எம்மு வர்றப்ப நான் மணி பாத்தது தெரியக் கூடாதுல்ல, அதுவும்தான்" என்றாள்.

2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கூடவே காஷ்மீரில் வாட்ச் செய்த எச்.எம்.டி. சினார் நிறுவனத்தையும். தும்கூரு தொழிற்சாலையின் நிலம் இஸ்ரோவுக்குப் போனது. செய்தி வந்ததும்தான் வேடிக்கை. கேட்பாரில்லாமல் கிடந்த ஜனதாவுக்கும் பைலட்டுக்கும் திடீரென்று காதலர்கள் முளைத்தார்கள். பெங்களூர் ஷோரூமில் கூட்டம், இணையத்தில் மடங்கு மடங்காக விலை. தேவை வந்தால் சரக்கும் வரத்தானே செய்யும். பழைய மெஷினில் புதிய டயலை ஒட்டி, இல்லாத நிறங்களில் எல்லாம் ஜனதா வர ஆரம்பித்தது. ஊதா டயல், ஆரஞ்சு டயல், விமானப்படைச் சின்னம் போட்டது, ராணுவ எண் போட்டது. நம் ஆட்கள் அதை 'விண்டேஜ்' என்று வாங்கி, கையை ஸ்டியரிங்கில் வைத்துப் படம் போடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய புகார் இல்லை. ஆனால் தாத்தா காலத்தை வாங்குவதாக நினைத்துப் போன வாரம் அச்சடித்த டயலை வாங்காதீர்கள். எழுத்தின் ஓரம் கசிந்திருக்கிறதா, நிமிடக் கோடும் முள் நுனியும் பொருந்துகிறதா, மூடியில் இருக்கும் எண் என்ன சொல்கிறது, எல்லாம் பாருங்கள். இல்லையென்றால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பாயைக் கண்டுபிடியுங்கள்.

என் பாய் மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார். ஒரு ரிட்டயர்டு தாசில்தார் வீட்டிலிருந்து வந்த ஜனதா. டயல் மஞ்சளடித்திருந்தது, 4-க்கும் 5-க்கும் நடுவே ஒரு கறை. "அழகு இல்ல, ஆனா எல்லாம் அதோட சொந்தப் பொருள்" என்றார். வாங்கிக் கட்டிக்கொண்டேன். நாளுக்கு 2 நிமிடம் வேகமாக ஓடுகிறது. அலுவலகத்தில் பலர் கையிலும் தூக்கத்தையும் இதயத்துடிப்பையும் எண்ணும் ஸ்மார்ட் வாட்ச். எழுந்து நட என்று அது அவர்களை அதட்டும்போது, என்னுடையது என்னிடம் கேட்பது காலையில் ஒரு நிமிட விரல் வேலை மட்டும். அம்மா பார்த்துவிட்டு, "தாசில்தார் மாதிரி இருக்குடி" என்றாள். பாராட்டா என்று தெரியவில்லை.

டைட்டன் வந்த அதே 1987-இல், டிசம்பர் 24 அன்று, எம்.ஜி.ஆர். இறந்தார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கையில் வாட்ச் என்று தமிழ்நாடு மனப்பாடம் செய்து வைத்திருந்த உருவம். மெரினாவில் அவரை வாட்சோடு புதைத்தார்கள் என்றும், அது இன்னமும் ஓடுகிறது என்றும் மக்கள் சொல்வார்கள். சமாதிக்குப் போகிறவர்கள் கல்லில் காதை வைத்துக் கேட்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஒருவேளை வைத்தும் இருப்பீர்கள். கணக்குப்படி சாவி வாட்ச் என்றால் ஒன்றரை இரண்டு நாள். ஆட்டோமேட்டிக் என்றால் கை அசைய வேண்டும். குவார்ட்ஸ் என்றால் செல் தீர சில வருடம்.

போன மாதம் கடற்கரைக்குப் போனபோது அங்கேயும் போனேன். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வேனில் வந்த கூட்டம். வரிசையாக ஒவ்வொருவராகக் குனிந்து காதை வைத்தார்கள். ஒரு பாட்டியம்மா எல்லோரையும்விட ரொம்ப நேரம் வைத்திருந்தார். கண்ணை மூடி, ஒரு கையால் மறு காதையும் பொத்திக்கொண்டு. பின்னால் இருந்த பேத்தி பொறுமை இழந்து, "கேக்குதா ஆயா?" என்றாள்.

"சும்மா இருடி. எண்ணிக்கிட்டு இருக்கேன்."